வெடிக்கு நடுவே ஓர் ஆறுமணிக் குருவி

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய அடுக்குமாடியில் எங்கள் வீடு முதல் மாடி. தீபாவளிக்கு முந்தின நாள் மாலை பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே சரவெடி தொடங்கியதும் மதிலோரப் புதரிலிருந்து ஏதோ விருட்டென்று எழும்பியது. என் தோளை உரசிக்கொண்டு கூடத்துக்குள் பாய்ந்து சுவரில் மோதி விழுந்தது.

ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து, எங்கள் மதிலோரச் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

கணவர் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினார். நான் துண்டைப் போட்டுத் தூக்கினேன். பறவை பார்க்கப் போகும் தோழிக்குப் போன் செய்தேன்.

"அட்டைப்பெட்டில வச்சு இருட்டுல விடு. வாயில தண்ணி கிண்ணி ஊத்தாத. வெடி ஓயறதுக்குள்ள வெளிய விட்டா மறுபடி எங்கயாவது போய் மோதும்."

தீபாவளிக்கு வெடி எப்போது ஓயும்?

விடியுமுன்பே சத்தம் ஆரம்பித்துவிட்டது. குருவி பெட்டிக்குள் மோதிக்கொண்டே இருந்தது. சின்ன அறையின் ஜன்னலைச் சாத்தி, பெட்டியைத் திறந்துவிட்டேன். கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. இனி ஜன்னலைத் திறக்க முடியாது, விசிறியும் போட முடியாது.

வேளச்சேரியில் கணவரின் அண்ணன் வீட்டில் தீபாவளிச் சாப்பாடு. "நீ வரலன்னா அண்ணி என்ன நினைப்பாங்க?" என்றார் கணவர்.

"நீங்க போய்ட்டு வாங்க."

முகத்தைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனார்.

நான் கீழ்வீட்டுக்காரரிடம் போனேன். தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். பிள்ளைகளோடு வெடிப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, வருஷம் பூரா கடையிலயே நிக்கேன். பிள்ளைகளோட இருக்கது இன்னைக்கு ஒரு நாள்தான். வெடிக்காதீங்கன்னா எப்படி?"

அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணும்னா ரோட்டுப் பக்கமா வச்சிக்கிடுதோம்" என்றார். சொன்னபடியே செய்தார். ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் யாரைப் போய்க் கேட்பது? அங்கே ராக்கெட் ஆற்றுப் பக்கமாகவே சீறியது.

அறைக்குள் கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன். எழுந்தால் குருவி பதறியது. ஜன்னல் இடுக்கு வழியே புகை வந்து தொண்டை கரகரத்தது. இருமலை அடக்கினேன். புதுப் புடவை வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் குருவி தரையோடு பதுங்கியது. எனக்கும் உடம்பு குறுகியது. இதைக் காப்பாற்றுகிறேனா, சிறை வைத்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. இரை இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் தெரியவில்லை.

பிற்பகலில் மழை கொட்டியது. கீழே பிள்ளைகள் "ஐயோ" என்று கத்தியது கேட்டது. எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது. ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு மூலைக்கு நகர்ந்தேன். குருவி தத்தித் தத்தி வந்தது, விளிம்பில் ஏறியது, தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு மதிலோரப் புதருக்குள் தாழப் பறந்து மறைந்தது.

மழை சீக்கிரமே விட்டுவிட்டது. கீழ்வீட்டுக்காரர் ஜன்னலுக்குக் கீழே வந்து அண்ணாந்தார்.

"குருவி போயிட்டாம்மா? இனி இங்கயே வெடி வைக்கலாமா?"

புதர் அவருக்குப் பின்னால்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்..." என்றேன்.

அவர் பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டடத்தில் அதற்குள் பற்றவைத்துவிட்டார்கள்.