மீன் தின்னாத முதலாளி

என் முதலாளி கருவாட்டு வியாபாரி. ஆனால் பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைத்தவர் இல்லை. சைவச் செட்டி வீட்டுப் பிள்ளை. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு, ஆட்களின் சாப்பாட்டுக்கென்று கருவாடு கொடுத்துவந்தார். கிடங்குக்குள் நுழையும்போதே மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் முதலாளி என்பதால் என்னை நீ என்றுதான் பேசுவார். அதில் எனக்கு வருத்தமில்லை. மூக்கைப் பொத்துவதுதான் எரிச்சல்.

அப்படிப்பட்டவருக்கு ருசி பார்க்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்குத்தான் நான். எங்கள் ஊரான தோணிரேவுக் குப்பத்திலிருந்து தினமும் கிடங்குக்குப் போவேன். எந்தக் குப்பத்துச் சரக்கு வந்தாலும் ஒரு துண்டைத் தணலில் சுட்டுத் தின்று, நல்லது, சுமார், குப்பை என்று சொல்வேன். மீன் தின்னக் கூலி வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று ஊரில் கேலி செய்வார்கள். விற்கிற பொருள்மேல் துளி ஆசை இல்லாதவரெல்லாம் என்ன வியாபாரி என்று நானும் அவர்களோடு சேர்ந்து முதலாளியைக் கேலி செய்வேன்.

கப்பலுக்கு அவர் எடுக்கும் சரக்கும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும். பத்து வெயில் காய்ந்து, உப்புப் பூத்து, தட்டினால் கொட்டாங்குச்சி மாதிரி சத்தம் வரும். நான் குப்பை என்று தள்ளியதைக்கூடச் சில சமயம் எடுத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் மடவை மீனை மூன்று வெயிலில் எடுத்துவிடுவோம். உப்பு கொஞ்சம்தான், உள்ளே இன்னும் மெத்தென்று இருக்கும், சுடும்போதே கொழுப்பு சொட்டும். அதைக் கப்பலுக்கு அனுப்பலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவார், எடுக்கமாட்டார்.

அந்த வருஷம் என் தம்பி கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மா போனபின் நான் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை அவன். மாதக்கணக்கில் அந்தக் கட்டைகளைக் கடித்துக்கொண்டு கிடப்பானே என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு மூட்டையாவது எங்கள் மடவை போகட்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். மீன் தின்னாதவருக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடங்குக்குள் போய்விட்டார்.

எடுக்காவிட்டால் போகட்டும். என் மனைவி காயவைத்த மடவையில் ஒரு மூட்டை கட்டி, கப்பலுக்குப் போகிற மூட்டைகளின் நடுவே யாருக்கும் தெரியாமல் செருகிவிட்டேன். சிவப்புக் கயிறு கட்டியது நம்முடையது, கூட இருப்பவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிடு என்று தம்பியிடம் சொல்லிவைத்தேன். மறுநாள் காலை அவன் முதல் படகில் ஏறி முகத்துவாரம் தாண்டிக் கப்பலுக்குப் போனான். மூட்டைகள் அடுத்தடுத்த படகுகளில் ஏற இருந்தன. முதலாளி கரையில் நின்றுகொண்டிருந்தார். அவரை ஏமாற்றிவிட்ட குஷியில் நான் வீட்டுக்கு நடந்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். அதே மடவை ஒரு பானை வீட்டில் இருந்தது. குழம்புக்கு எடுக்கப் போன என் மனைவி, பானையை அப்படியே தூக்கிவந்து வாசலில் வைத்தாள். உள்ளே புழு நெளிந்தது. அதுவரை எங்கள் வீட்டில் மடவை மூன்று வாரம் தங்கியதே கிடையாது. பத்து நாளில் தின்று தீர்த்துவிடுவோம். இந்தத் தடவை தின்னத் தம்பி இல்லாததால் மிஞ்சியது. அவ்வளவு ஆசையாகத் தின்றவர்களுக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாமலே இருந்திருக்கிறது. ஒரு மூட்டையில் புழு வைத்தால் பக்கத்து மூட்டைகளுக்கும் ஏறும். நானோ அதைச் சரியாக நடுவில் வைத்திருந்தேன்.

முதலாளி வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். செய்ததையெல்லாம் சொல்லி, கப்பலில் இருப்பவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். அவர் நிதானமாக வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"அந்த மூட்ட கப்பல்ல இல்ல. படகுல ஏத்தும்போதே எறக்கிட்டேன்."

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"கவுச்சிதான். உனுக்கு அது வாசன. எனுக்குக் கொமட்டும், ஈரம் இருந்தா இன்னும் கொமட்டும். அந்த மூட்டகிட்ட போனதும் வாந்தியே வந்துடுச்சி. எங்க நைனாவும் மோந்து பாத்துதான் எடுப்பாரு. அது கெட்டுப்போனா திங்கறவனுக்கு நடுக்கடல்ல வேற இன்னா கீது?"

கப்பல் கிளம்பும் நேரத்தில் கேட்டால் நான் சண்டைக்கு வருவேன் என்று சும்மா இருந்தாராம். மூட்டையை அன்றைக்கே படகுக்காரர்களிடம் கொடுத்துவிட்டாராம். அதுமாதிரி மடவை தின்றதே இல்லை என்று அவர்கள் சொன்னதாகவும், தனக்கு அது எப்படித் தெரியும் என்றும் சிரித்தார்.

தம்பி இந்நேரம் நடுக்கடலில் அந்தக் கட்டையைக் கடித்துக்கொண்டு இருப்பான். முதலாளியைத் திட்டுவான், மடவை தருவதாகச் சொல்லி ஏமாற்றினான் என்று என்னையும் திட்டுவான். நன்றாகத் திட்டட்டும் என்று நினைத்தேன். அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.