பெயரை மட்டும் நம்பிய புரோகிராம்

இன்று பகல், செவிலிமேட்டு வீட்டில், என் கணவர் வரைந்த பட்டுப்புடவை டிசைன்களில் பாதி அழிந்துவிட்டது.

அவற்றைத் தினமும் நகலெடுக்க நான் எழுதிய புரோகிராம், கட்டளைகளை ஓட்டித் தரும் கமாண்ட் ஷெல்லை, அது கம்ப்யூட்டரில் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல், பெயர் சொல்லி மட்டுமே கூப்பிட்டது. யாரோ அனுப்பிய படங்களோடு, அதே பெயரில் ஒரு போலி ஃபைலும் எங்கள் ஃபோல்டருக்குள் வந்திருந்தது. முதலில் கண்ணில் பட்ட அதையே புரோகிராம் ஓட்டிவிட்டது.

டிசைன்களும் அவற்றின் நகல்களும் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்ததும் அவர் பிளக்கைப் பிடுங்கினார்.

நான் அழுதுவிட்டேன்.

"எதுக்கும்மா அழுதுக்கினு இருக்கே? போனத மறுபடி வரைஞ்சிக்கிறேன். நீ புரோகிராம சரி பண்ணு" என்றார்.

சிஸ்டம் ஃபோல்டரில் இருக்கும் அசல் ஷெல்லின் முழு முகவரியைப் புரோகிராமில் எழுதிவிட்டேன். இனி அது வேறெங்கும் தேடாது.

அவர் இப்போது முந்தானை யாளியை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார். பழையதைவிட அழகாக வந்திருக்கிறது.

இதை அவரிடம் சொன்னால் மிச்சத்தையும் அழித்துவிட்டு வரைய உட்கார்ந்துவிடுவார். சொல்லலாமா, வேண்டாமா?