வேண்டாமா என்று கேட்டது நான்தான்

எனக்குக் கை நீட்டும் பழக்கம் உண்டு. பள்ளியில் இரண்டு முறை, கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் ஒரு முறை. கல்யாணமாகி நாற்பதை நெருங்கிய பிறகு அதெல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையின் கணினிகளையும் கண்காணிப்புக் கேமராக்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. பதிவுகள் சேர்ந்துகொண்டே போகும், இடம் நிரம்பிவிடும். பழையவற்றை அழிக்க ஒரு சின்ன நிரல் எழுதிவைத்திருந்தேன். அதில் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு பதிவின் பெயரையும் காட்டி ஒரு கேள்வி கேட்கும். y அல்லது n தட்டி என்டரை அழுத்த வேண்டும். y என்றால் அழித்துவிடும், n என்றால் விட்டுவைக்கும்; அதுவரை எல்லாவற்றுக்கும் y தான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. அன்றைக்கு அதை ஓட்டுபவர் ஸ்டோர்கீப்பர். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் உட்லண்ட்ஸ் எல்லைச்சாவடி வழியாக வந்துபோகிறவர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று கேள்வியைத் தமிழில் எழுதினேன். 'இந்தப் பதிவு இனி வேண்டாமா? y/n'. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ரவிக்கை தைக்கும் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணைத் தேடி அவள் புருஷன் வந்தான். பின்படிக்கட்டில் அவள் பின்னலைக் கையில் சுற்றி, நெற்றியை இரும்புக் கைப்பிடியில் மோதினான். மூன்று முறை. மூன்றாவது முறை அவளுக்குக் கால் மடங்கிவிட்டது. அவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனான். நானும் ஸ்டோர்கீப்பரும் அதைத் திரையில் பார்த்தோம். எனக்குப் பல் நறநறவென்றது. அவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் அதே கைப்பிடியில் அவன் மண்டையை உடைத்திருப்பேன்.

அவள் நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு என் அறைக்கு வந்தாள். பாதுகாப்பு ஆணை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறாளாம், வியாழக்கிழமை விசாரணையாம்.

"இத மட்டும் எடுத்து வச்சிருங்கண்ணே. என்கிட்ட வேற ஒண்ணுமே இல்ல."

முதலாளி திங்கட்கிழமைதான் வருவார், அவரைக் கேட்காமல் வெளியே கொடுக்க முடியாது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, சோம்பேறித்தனமாக அதே இடத்தில் வேறு பெயரில் வைத்தேன். இது கண்டிப்பாக வேண்டும் என்று ஸ்டோர்கீப்பரிடம் இரண்டு முறை சொன்னேன்.

திங்கட்கிழமை காலை அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "பத்திரமா இருக்கு லா தம்பி. நேத்து கேட்டுச்சு, y போட்டுட்டேன்."

போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையின் முழுப் பதிவு மற்றவற்றோடு போயிருந்தது; நான் வெட்டிவைத்த துண்டும் இல்லை. மீட்டெடுக்கும் மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு நாள் முழுக்கக் கேமராக்கள் புதிதாக எழுதித் தள்ளியிருந்தன. ஒரு நொடிகூடத் தேறவில்லை.

"படிச்சுப் பாத்து அழுத்த வேண்டாமா?" என்று கத்தினேன்.

"படிச்சேன் தம்பி. வேண்டாமான்னு கேட்டுச்சு. வேணும்னேன்."

அவர் சொன்னது சரி. சரி என்பதால்தான் அடித்தேன். கையில் சாவிக்கொத்து இருந்தது, அதோடு சேர்த்துக் குத்தினேன். உதடு கிழிந்து விசைப்பலகையில் ரத்தம் தெறித்தது. அவர் துணிக்கட்டுகளின் மேல் சாய்ந்தார். காலரைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அடித்தேன். அவர் கையை ஓங்கவில்லை, முகத்தை மறைத்துக்கொண்டார். விட்டபோது எனக்கு நன்றாக இருந்தது. அதைச் சொல்ல இன்றும் கூசுகிறது.

பதினோரு மணிக்கு அவள் பதிவை வாங்கிக்கொள்ள வந்தாள். அழிந்துவிட்டது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். முக்காலியில் உட்கார்ந்தாள். கண்ணால் பார்த்தவர் நீதிமன்றத்தில் வந்து சொன்னால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். எடுத்துக்கொள்வார்கள், நான் வருகிறேன் என்றேன். அவள் முகம் சற்றுத் தெளிந்தது.

அப்போதுதான் மூலையில் ரவிக்கைத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டிருந்த ஸ்டோர்கீப்பரைப் பார்த்தாள். என்ன ஆனது என்று கேட்டாள்.

"வழுக்கி விழுந்துட்டேன்மா."

அவள் என் விரல் முட்டிகளைப் பார்த்தாள். "நானும் வெளிய அப்படித்தான் சொல்வேன்" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உங்களுக்காகத்தான்மா கோபம் வந்துச்சு" என்றேன்.

அவள் எழுந்து, முக்காலியை எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கும்படி நகர்த்திவிட்டு, கதவுப் பக்கம் தள்ளி நின்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்களும் பாத்தீங்கதானே? நீங்க வாங்க."

வியாழக்கிழமை அவர் உதட்டில் தையலோடு அவளுடன் நீதிமன்றத்துக்குப் போனார். நான் கடையில் இருந்தேன்.