ஆறு மருமாள்களின் மாமா

கரமனை வெங்கடகிருஷ்ணன் ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. அங்கே அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. அவருடைய பெருமையெல்லாம் தோளில்தான் இருந்தது. அக்கா தங்கைமார் பெற்றது ஆறும் பெண். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு, பிள்ளையின் மாலைக்கு எட்டாமல் பின்னால் ஓடுவது தாய்மாமன் உரிமை. மூன்று கல்யாணத்தில் மூன்று சம்பந்திகளையும் பந்தல் கால் வரை ஓடவிட்டவர் அவர்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆனியில் நாலாவது கல்யாணம். பிள்ளையைச் சுமந்து வந்த மாமா வண்டிமாடு மாதிரி இருந்தார். உறவு கொண்டாடும் உற்சாகத்தில் முழங்கையால் இவர் விலாவில் ஒரு இடி இடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் அப்போதிக்கரி நேசமணி விலாவை அழுத்திப் பார்த்தார். எலும்பு ஒடியவில்லை, லேசான விரிசல்தான். மூன்று வாரம் கனம் தூக்கக்கூடாது, இருமக்கூடாது, சிரிக்கவும் கூடாது என்றார்.

"சிரிக்கிறதுக்கு ஆபீஸ்லே வழியில்லை சார். தூக்கறதுதான் கஷ்டம்" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

பன்னிரண்டாம் நாள் சூடாமணிக்குக் கல்யாணம். அவள் அவருக்குச் செல்ல மருமாள். அதைவிடப் பெரிய விஷயம், இவருடைய பெரியப்பா பிள்ளை ஸ்ரீகண்டன் அந்தத் தோள் உரிமைக்காகத் தினம் தண்டால் எடுத்துக்கொண்டு காத்திருந்தான்.

வீட்டில் வாயு என்று சொல்லி வைத்தார். மனைவி பாகீரதி மூன்று நாள் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள், அவரும் குடித்தார். நாலாம் நாள் பழவங்காடிப் பிள்ளையாருக்கு வேண்டுதல் தேங்காய். ஊரே கையை ஓங்கிச் சிதறடிக்கிற இடத்தில், இவர் குனிந்து பூவைப் போலக் கீழே விட்டார். உடையாத தேங்காய் உருண்டுபோய் ஒரு கிழவர் காலடியில் நின்றது.

"வாயுவுக்குக் கையைத் தூக்கப்படாதோ?" என்றாள் பாகீரதி.

வழியெல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஸ்ரீகண்டன் தூக்கட்டுமே, ஏன்னா. வெறுதே எதுக்கு வம்பு?"

"ஒரு தடவை அவன் தோள்லே ஏத்திட்டா, அப்புறம் எல்லாத்துக்கும் அவன்தான் மாமா."

 கல்யாணத்தன்று விடியற்காலையில் பாகீரதி தன் பழைய புடவையைக் கிழித்து, மூட்டை கட்டுகிற மாதிரி அவர் விலாவை இறுக்கினாள். சூடாமணியைப் பெஞ்சில் நிற்க வைத்து அங்கிருந்தே தோளில் ஏற்றிவிட்டதும் அவள் யோசனைதான்.

மற்றதெல்லாம் சுபம். எதிர்ப்பக்கம் ஓடி வந்தது, வெங்கடகிருஷ்ணன் அசையவில்லை. மூச்சுவிடவே தைரியமில்லை, ஓடுவதாவது. முதல் வீச்சிலேயே மாலை சூடாமணி கழுத்தில் விழுந்தது.

"கொஞ்சம் பின்னாடி போயிருக்கப்படாதா மாமா?" என்று மேலிருந்து கிசுகிசுத்தாள் அவள். 

பெண்வீட்டு மாமா எத்தனை மரியாதை தெரிந்தவர், பிள்ளையை அலையவிடவே இல்லை என்று சம்பந்திகள் பந்தி பந்தியாகப் புகழ்ந்தார்கள். அண்ணாவுக்கு வயசாகிவிட்டது என்று ஸ்ரீகண்டன் பாயசம் முடிகிற வரை அனுதாபப்பட்டான். சூடாமணியைப் பெற்ற தங்கை மட்டும், அவர் ஓடாமல் நின்றதற்காக, முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாகீரதி கட்டை அவிழ்த்தாள்.

"பாக்கி ஒருத்திதானே. அவளுக்கு எட்டு வயசு. அவ கல்யாணத்துக்கு வளர்றதுக்குள்ளே இந்த எலும்பு எப்படியும் கூடிடும், கவலைப்படாதேங்கோ."

அப்போதிக்கரி சொன்னதை மறந்து அவர் சிரித்துவிட்டார். உடனே இரண்டு கையாலும் விலாவைப் பிடித்துக்கொண்டார்.