நான் நிரப்பிய படிவம்

எங்கள் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அப்பா மூன்றாம் வகுப்பு, அம்மா அதுவும் இல்லை. பல்கலைக்கழகம் வரை போனவள் நான் ஒருத்திதான். நான் எழுதுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அப்பா கிள்ளான் துறைமுகத்திலிருந்து சுங்கை பூலோவுக்குக் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். போன வாரம் கம்பெனி ஒரு படிவம் கொடுத்தனுப்பியது. மது, போதைப்பொருள், தூக்கம் வராமலிருக்க மாத்திரை, கெத்தும் என்ற போதை இலை, இதில் எதையாவது உட்கொள்கிறீர்களா? உட்கொள்பவர் லோரி ஓட்ட முடியாது, பொய் சொன்னால் வேலை போகும் என்று கீழே மலாய் மொழியில் இருந்தது. அப்பாவைக் கேட்காமலேயே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்தேன். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் என் பேச்சைக் கேட்டு பீரை விட்டவர் அவர். அதைத் தோழிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசையன்று காலை, ஸ்டேரிங்கில் சந்தனம் வைக்க லோரியில் ஏறினேன். சீட்டுக்குப் பின்னால் துண்டில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு பிளாஸ்டிக் பாக்கெட்டுகள். உள்ளே கெத்தும் இலையை வேகவைத்த தண்ணீர். களைப்புத் தெரியாது என்று லோரிக்காரர்கள் குடிப்பது. அதிகமானால் கண் சொக்கும்.

"என்னப்பா இது?"

"எல தண்ணிமா. பீரு இல்ல."

"இத குடிச்சிட்டு ஓட்டக்கூடாதுப்பா."

"தூங்கிக்கிட்டு ஓட்டலாமா?" கோபமே இல்லாமல் கேட்டார். "மூணு ட்ரிப்புமா ஒரு நாளைக்கு. முன்ன வீட்டுக்கு வந்து ரெண்டு பீரு குடிச்சா ஒடம்பு வலி தெரியாது. நீ வேணான்ன, விட்டேன். இப்ப இதான்."

கீழே அம்மா தட்டோடு நின்றாள். "பட்டதாரியம்மா, விசாரணைய அப்பறம் வச்சிக்கலாம் லா. சூடம் அணையுது."

இறங்கினேன். முன் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது ஒவ்வொரு வருடமும் என் வேலை.

"இன்னிக்குக் குடிச்சீங்களா?"

"காலையில ஒன்னு."

அப்பா ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். பழங்கள் என் கையிலேயே இருந்தன. பத்தடிதானே நகர்த்தப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு வைத்தேன். நாளைக்கு நெடுஞ்சாலையில் எத்தனை மைல் என்றும் அப்போதே நினைத்தேன். பழங்கள் நசுங்கின.

சாயங்காலம், கம்பெனிக்கு இன்னும் கொடுக்காத அந்தப் படிவத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். திருத்தினால் அங்கே அவர் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வாங்கிக்கொண்டு, எப்போதும் போல, "எங்க போடணும்?" என்றார்.

"மொதல்ல படிக்கிறேன், கேளுங்கப்பா."

இத்தனை வருடத்தில் ஒரு படிவத்தை அவருக்கு நான் படித்துக் காட்டியது அதுதான் முதல் முறை. வேலை போகும் என்ற கடைசி வரி வரை கேட்டார்.

"ஆமான்னு எழுதுனா லோரி இல்ல. இல்லன்னு எழுதுனா நீ பொய் எழுதுன மாதிரி. அப்படித்தானே?"

தலையாட்டினேன்.

"நீ படிச்சவ. எங்க போடணும்னு சொல்லு, போடறேன்."

காட்ட நீட்டிய விரலை எந்த வரியில் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.