நாக்கில் ஒடிந்த ஃபைபர் இழை

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். நூல் நுனி பிசிறாக இருந்தால் பல்லால் கடித்துவிட்டுத்தான் ஊசியில் கோப்பேன். எங்கள் லைனில் எல்லோருமே அப்படித்தான்.

வீட்டில் நெட் அடிக்கடி நின்றதால் புது ரவுட்டர் வாங்கினோம். சுவரிலிருந்து வரும் ஃபைபர் ஒயருக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள சின்னப் பெட்டி எதற்கு, ஒயரை நேராக ரவுட்டரில் சொருகிவிடலாம் என்று நானே உட்கார்ந்தேன். ஒயரின் முனை உள்ளே நுழையவில்லை. அதை வெட்டி, மேல்தோலைச் சீவினேன். உள்ளே தலைமுடி போல ஓர் இழை. கை தானாக வாய்க்குப் போனது. கடித்தேன். நறுக்கென்று ஒடிந்து, நாக்கில் சுருக்கென்றது.

வீட்டுக்காரர் உடனே நெட் கம்பெனி லைன்மேனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வாயில வெச்சீங்களாக்கா? அது கண்ணாடிங்க. எச்சில முழுங்காம டாக்டர்கிட்ட போங்க. அந்தப் பெட்டி இல்லாம உங்க ரவுட்டர் ஓடாதுங்க, ஒயர்ல வர்றது வெறும் வெளிச்சம், பெட்டிதான் அத நெட்டா மாத்தும்."

வண்டியில் பின்னால் வாயைத் திறந்தபடியே போனேன். எச்சில் ஊற ஊற, கண்ணாடி தொண்டைக்குள் இறங்கிவிடுமோ என்று முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். பேசவும் பயம். டாக்டர் டார்ச் அடித்து, நாக்கின் ஓரத்திலிருந்து இமைமுடியைவிடச் சிறிய துண்டை எடுத்தார்.

"உள்ள போயிருந்தா தேடறதே கஷ்டமுங்க" என்றார்.

இப்போது ஒயரில் கோளாறென்றால் லைன்மேனைக் கூப்பிடுகிறேன். நூல் வெட்ட, கழுத்தில் சின்னக் கத்தரி தொங்குகிறது. ஆனாலும், பக்கத்து மெஷின்காரி நூலை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் எனக்கு எச்சில் இறங்குவதில்லை.