பங்குக் கிணற்றில் உப்பு

பக்கத்து வீட்டாரின் நல்ல தண்ணீரை உப்பாக்கியவன் நான். காரணம் தெரிந்திருந்தும் மழையின் மேல் பழியைப் போட்டேன். இரண்டில் பின்னதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

திருகோணமலையில், துறைமுகத்துக்கு நடந்தே போகக்கூடிய ஒரு மணல் தெருவில் எங்கள் வீடு. கிணறு பங்குக் கிணறு. வேலி அதன் நடுவால் போனது. பாதி எங்களுக்கு, பாதி அடுத்த வீட்டு முஸ்லிம் பெரியவருக்கு. அண்ணன் என்ற முறையில் தெருவே அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடும். நானா துறைமுகத் தெருவில் தேநீர்க்கடை வைத்திருந்தார். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் அவருடைய தேநீருக்காகவே சுற்றி வருவார்கள். தேயிலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கள் கிணற்றில் இருந்தது.

அரசாங்கம் இறக்குமதியைத் தடுத்து, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்ற காலம். வீட்டுக்கு வீடு தோட்டம். நானும் வீட்டைச் சுற்றிய வளவு முழுக்க மிளகாய் நட்டேன். வாளியால் இறைக்கப் பொறுமை இல்லாமல், மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் ஒன்று வாங்கினேன். தெருவிலேயே முதல் மெசின்! கயிற்றை இழுத்து அதைக் கிளப்பும்போது எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருக்கும். குழாயிலிருந்து தண்ணீர் பாயும் வேகத்தைப் பார்க்கவென்றே தேவையில்லாமலும் ஓட விட்டேன்.

இத்தனைக்கும் நான் புவியியல் படிப்பித்தவன். கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது, அளவுக்கு மிஞ்சி அள்ளினால் கீழே உள்ள உப்பு ஏறி வரும் என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவன்.

ஏறித்தான் வந்தது. ஒரு காலை நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“மாஸ்டர், தண்ணி கரிக்குது. நேற்று ஒருத்தர் கேக்கிறார், ‘சீனி முடிஞ்சு போச்சோ நானா, உப்புப் போட்டுத் தாறீங்க’ எண்டு.”

“இந்த வருஷம் மழை காணாது, நானா. மாரி வந்தாச் சரியாகும்.”

“மாஸ்டர் சொன்னாச் சரிதான்.”

மழை அந்த வருடம் உண்மையிலேயே கொஞ்சம் குறைவு. அதனால் என் பொய் நன்றாக நின்று பிடித்தது. நானா விடியுமுன் சைக்கிளில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்குப் போகத் தொடங்கினார். கேன்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தத்தில் எனக்கு விழிப்பு வரும். கொண்டுவந்த தண்ணீர் பத்து மணிக்கே முடிந்துவிடும். பிறகு ஆட்கள் உட்காரும் கடை வாங்குகள் வெறுமையாகக் கிடக்கும்.

என்னை அசைத்தது என் மனைவிதான். “பருப்பு அவியுதில்லை. மிளகாய்க்குத் தண்ணி விட்டு விட்டு, கறி வைக்கத் தண்ணியில்லாமல் போச்சு. அந்த மனிசனுக்கு என்ன சொன்னீங்கள்? மழையோ?”

அன்று பின்னேரமே வேலியடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நானா தாடியைத் தடவியபடி முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“எனக்குத் தெரியும் மாஸ்டர். மெசின் ஓடின அடுத்த நாள் உப்புக் கூடும். ஓடாட்டிக் கொஞ்சம் குறையும். எனக்கும் நாக்கு இருக்குத்தானே.”

“பிறகேன் கேக்கேல்லை?”

“நீங்க மழை எண்டு சொல்லிட்டீங்க. படிச்ச மனிசனப் பொய்யெண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்குத்தான் வெக்கமாயிருந்தது.”

அடுத்த கிழமை மெசினைத் தம்பலகாமத்து விவசாயி ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே வாய்க்கால் தண்ணீர், உப்புக்குப் பயமில்லை. மிளகாயில் முக்கால்வாசியைப் பிடுங்கினேன். அதன்பின் பிடித்தது எனக்கு இன்னொரு பைத்தியம். அரிசி கழுவிய தண்ணீர் கத்தரிக்கு. குளிக்கும் கல்லைப் பெயர்த்து வாழையடியில் போட்டேன். சவர்க்காரத்தூளை நிறுத்தி, சட்டிகளைச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு தேய்த்தோம். அந்தத் தண்ணீர் தென்னைக்கு. செடிகளின் அடியில் தென்னோலை பரப்பினேன், ஈரம் போகாமல் இருக்க. ஆளுக்கு இத்தனை வாளி என்று குசினிச் சுவரில் எழுதி வைத்தேன்.

“பள்ளிக்கூடத்தில டைம்டேபிள் போட்டது காணாதோ, குளிக்கவும் டைம்டேபிளோ?” என்றாள் மனைவி. ஆனாலும் ஒரு வாளி கூடினால் என்னைப் பிடித்து விசாரிப்பதும் அவள்தான்.

பிறகு கூரை. அதன் ஓரம் நெடுகத் தண்ணீர் ஓடத் தகரப் பீலி அடித்தேன். கிணற்றருகே ஒரு குழி வெட்டி, கல்லும் மணலும் நிரப்பி, மழைத்தண்ணீரை அதற்குள் இறக்கினேன். கார்த்திகையில் முதல் பெருமழை கொட்டியபோது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். பீலியில் வெள்ளம் இரைந்து வந்தது! அது குழிக்குள் விழுந்து மறைவதைப் பார்த்துக் கத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பீலியின் மூட்டு கழன்று, முழுத் தண்ணீரும் என் தலையில் விழுந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து நானா சிரித்த சிரிப்பு மழையையும் மீறிக் கேட்டது. “மாஸ்டர், கிணத்த நிரப்பச் சொன்னா நீங்க நிரம்பிறீங்களோ!” மழை விட்டதும் தன் கூரைக்கும் ஒரு பீலி அடித்து அதே குழிக்குள் விட்டார்.

ஒரு மாரி போயிற்று. தண்ணீர் கரித்தது. இரண்டாவது மாரியும் முடிந்து தை பிறந்த ஒரு காலை, நானா என்னைக் கடைக்குக் கூப்பிட்டு இரண்டு கிளாஸ் பால் போடாத தேநீர் வைத்தார். ஒன்று சைக்கிளில் வந்த தண்ணீர், மற்றது எங்கள் கிணறு. இரண்டையும் மாறி மாறிக் குடித்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை! எழுந்து நின்றுவிட்டேன்.

நானா இரண்டையும் ஒவ்வொரு மிடறு குடித்துவிட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டினார். “இது எங்கட.”

“எப்பிடித் தெரியும்?”

“கொஞ்சம் கரிக்குது. இன்னும் ஒரு மாரி வேணும், மாஸ்டர்.”

அந்த மாரியும் வந்து போனது. கிணறு அதன்பின் கரிக்கவில்லை. போன வாடிக்கையாளரில் பாதிப்பேர் திரும்பி வரவேயில்லை. அவர்களுக்கு வேறு கடை பழகிவிட்டது; நானா கடைசிவரை ஒரு வாங்கோடுதான் கடை நடத்தினார். அதை என்னால் ஈடு செய்ய முடியவில்லை. காலையில் கேன்களின் சத்தம் மட்டும் நின்றது. பின்னேரங்களில் அது வேறு பக்கமாகக் கேட்கத் தொடங்கியது. கடையில் கிளாஸ் கழுவிய தண்ணீரை அதே கேன்களில் நிரப்பி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, நானா என் வாழைகளுக்கு ஊற்றிவிட்டுப் போவார்.